எங்கட ஒழுங்கைக்குப் பாராட்டு விழா, பொன்னாடை யாருக்கு?

வேகந்தைப் பொடியன்:
கொழும்பு கொம்பனித்தெருவில, நகர அபிவிருத்தி எண்டு இடிபடாம மிஞ்சின எங்கட ஒழுங்கைக்குப் போன கிழமை விழா. மேடை முழுக்க வெள்ளை உடுப்பு அரசியல்வாதிகள், பொன்னாடையும் அவங்களுக்கே. வீடு வீடா ஏறி மகஜருக்குக் கையெழுத்து வாங்கின முன்வீட்டு ராத்தா பின்னால நிண்டு பிளேன்டீ குடுத்துக்கொண்டிருந்தா. இடிக்கிறதுக்குச் சுவர்ல நம்பர் போட பெயின்ற் பேணியோட வந்தவனை, வாசல்ல கதிரையப் போட்டுக் குந்திக்கொண்டு, "கடிதத்தக் காட்டுங்க மகன், பிறகு எழுதலாம்" எண்டு கேட்டவ அவதான். அவன் பேணியை மூடின சத்தம் இன்னும் காதுக்குள்ள இருக்கு.

மலே வீதி மருமகள்:
காப்பாத்தின கதையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தம்பி. 2010 மே மாசம் இதே கொம்பனித்தெரு மியூஸ் ஸ்ட்ரீட்டில ஆமி, பொலிஸ் நிக்க வீடுகளை உடைச்சாங்க. நகர அபிவிருத்தி அதிகார சபை அப்ப பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ. அந்தச் சனத்துக்கு வாய் இல்லையா? கோட்டுக்கும் போனாங்களே. தையல் மெஷின் தலையை மட்டும் இடுப்பில வச்சுக்கொண்டு ஒரு உம்மா ஓட்டோ தேடினதை நான் பார்த்தன். பிறகு கொம்பனித்தெருவில இருந்த 19ஆம் நூற்றாண்டு டி சொய்சா கட்டிடமும் இடிபட்டுப் போயிட்டுது. தோத்தவங்களுக்கு ஆர் விழா வைக்கிறது?

கிராண்ட்பாஸ் மாமா:
எங்கட பக்கமும் அளந்தாங்க, பிறகு வரல்ல. அதை விடுங்க, இதைக் கேளுங்க. சோலைவரித் (வீட்டு வரி) துண்டு, கரண்ட் பில், வாக்காளர் இடாப்புப் பிரதி எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போடுங்க. ஃபோட்டோ எடுத்து வெளிநாட்டுப் பிள்ளைக்கும் அனுப்புங்க. காணி எடுத்தற் சட்டத்தில 2ஆம் பிரிவு அறிவித்தல் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டிலயும் ஒட்டவேணும். அது அளந்து பார்க்கிறதுக்குத்தான், உடனே பயந்து சாமான் கட்டாதீங்க. 38ஆம் பிரிவில உடனடிக் கையேற்பு எண்டு வந்தா மட்டும் அண்டைக்கே லோயரைப் பிடியுங்க. 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில திட்ட வரைபடத்தைக் கேளுங்க, 14 வேலைநாளுக்குள்ள தருவமா இல்லையா எண்டு முடிவு சொல்லவேணும். வாயால கேக்காதீங்க, எழுத்தில குடுத்து, கிடைச்சதுக்குத் துண்டும் வாங்குங்க. தேதி இல்லாத துண்டு செல்லாக்காசு.

பழைய தோட்டத்துக்காரி:
மூண்டு மொழியா மாமா? எங்கட கதவில சிங்களத்தில மட்டுந்தான் ஒட்டிக் கிடந்தது. தெருக்கோடிக் கொத்துக்கடை அண்ணன்தான் வேலையை விட்டுட்டு வந்து, ஒவ்வொரு வாசல்லயும் நிண்டு வாசிச்சுச் சொன்னார். விழா எண்டா அவரைக் கூப்பிடுங்க. ஆள் இப்ப தெமட்டகொட ஃப்ளாட்டில, 10 லட்சத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.