நவம்பர் கடைசில சீனா: பழைய கிராமம் பாக்க எங்க போலாம்? (அம்மா அப்பாவோட)

டீக்கடை_பெஞ்ச்:
வணக்கம் மக்களே. நவம்பர் கடைசில ஒரு பத்து நாள் லீவு கெடச்சிருக்கு, அம்மா அப்பாவ கூட்டிட்டு சீனா போலாம்னு பிளான். பெய்ஜிங் ஷாங்காய்லாம் வேணாம், உசரமான பில்டிங் பாக்குறதுக்கு நான் இருக்குற சிங்கப்பூரே போதும். கிராமம், வயல், மலை, இந்த மாதிரி தான் வேணும். ரீல்ஸ்ல மலை ஃபுல்லா படி படியா மஞ்சளா வயல் காட்டுறாங்களே லோங்ஜின்னு, அது ஒண்ணு, அப்புறம் குளத்துல வெள்ளை வீடெல்லாம் தலைகீழா தெரியுமே ஹோங்சுன், அது ஒண்ணு, அப்புறம் மண்ணுலயே வட்டமா கோட்டை மாதிரி கட்டின வீடு. இது மூணும் ஒரே டிரிப்ல முடியுமா? அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப படி ஏற முடியாது. அம்மா சுத்த சைவம், முட்டை கூட கெடையாது. மூணு பேருமே இந்தியன் பாஸ்போர்ட்.

ஊர்சுத்தி:
லோங்ஜிய லிஸ்ட்லருந்து தூக்கிடுங்க ப்ரோ. நீங்க பாத்த மஞ்சள் செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம், அவ்ளோ தான். நீங்க போறப்ப அறுப்பு முடிஞ்சு வெறும் தாள் தான் நிக்கும், தண்ணி கட்டி கண்ணாடி மாதிரி மின்னுறது மே ஜூன்ல. அதோட அது ஃபுல்லா படி, அப்பா கீழயே உக்காந்துக்க வேண்டியது தான். மூணு எடமும் மூணு மாகாணம் வேற, மேப்ல பக்கத்துல பக்கத்துல தெரியும், பாதி லீவு ரயில்லயே போயிடும். ஒரு ஏரியாவ எடுத்து அங்கயே சுத்துங்க.

நவம்பர் கடைசின்னா நான் தென் ஆன்ஹுய் தான் சொல்லுவேன், நீங்க கேட்ட ஹோங்சுன் இருக்குற மாகாணம். ஹாங்ஜோ வரைக்கும் ஃபிளைட், அங்கருந்து ஹுவாங்ஷான் நார்த் ஸ்டேஷனுக்கு புல்லட் டிரெய்ன், 2018 டிசம்பர்ல தொறந்த லைன், ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். அங்கருந்து டாக்சியோ பஸ்ஸோ புடிச்சா ஹோங்சுன். அதுவும் பக்கத்துல இருக்குற ஷீதியும் சேந்து 2000லயே யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துடுச்சு. ஹோங்சுன்ல ஊர் அமைப்பையே மாடு படுத்த மாதிரின்னு சொல்லுவாங்க, மலை தலை, ஊர் நடுவுல அரை நிலா குளம் ஒண்ணு அது இரைப்பை, தெருவுக்கு தெரு வீட்டு வாசல ஒட்டி ஓடுற வாய்க்கா தான் குடல். அந்த காலத்துல காலைல எட்டு மணிக்குள்ள குடிக்க தண்ணி எடுத்துக்கணும், துணி பாத்திரம்லாம் அதுக்கப்புறம் தான்னு ஊர் கட்டுப்பாடு இருந்துச்சாம். இன்னிக்கும் அதுல தண்ணி ஓடுது, துணி அலசுறாங்க.

வீட்டுக்குள்ள கண்டிப்பா போய் பாருங்க. உப்பு, தேயிலை, அடகுக்கடைன்னு வெளியூர்ல சம்பாதிச்ச வியாபாரிங்க கட்டினது. பதிமூணு பதினாலு வயசுலயே பையன வியாபாரத்துக்கு அனுப்பிடுவாங்களாம், வீட்ல பொம்பளைங்களும் வயசானவங்களும் மட்டும், அதான் வெளிச்சுவர் அவ்ளோ உசரம், ஜன்னல் அவ்ளோ சின்னது. வெளிச்சம் எல்லாம் நடு முற்றத்துலருந்து தான். மழைத்தண்ணி நாலு பக்க கூரைலருந்தும் உள்ளயே விழணும், வெளிய போனா காசும் அதோட போயிடும்னு நம்பிக்கை. கூரைக்கு மேல படி படியா ஏறி நிக்கிற சுவர் பாத்திருப்பீங்க, அது அழகுக்கு இல்ல, ஒரு வீடு பத்திக்கிட்டா பக்கத்து வீட்டுக்கு தீ தாவாம இருக்க. ஹோங்சுன்ல செங்ஜி தாங்னு ஒரு உப்பு வியாபாரி வீடு, 1855ல கட்டினது, மர வேலைப்பாடு மட்டுமே பாத்துட்டு நிக்கலாம். பக்கத்துலயே தாச்சுவான்னு ஒரு கிராமம், நவம்பர்ல மரமெல்லாம் செவந்து போயிருக்கும், லேட்டா போனா கொட்டிடும், அதனால உங்க லீவுல முதல் ரெண்டு நாள்லயே அத முடிச்சுடுங்க. ஹோங்சுன், ஷீதி ஊருக்குள்ள எல்லாம் சமதரை கல் பாவின சந்து தான், அப்பாவுக்கு பிரச்சனை இல்ல.

ஹுவாங்ஷான் மலை வேற. கேபிள் கார் இருக்கு, ஆனா எறங்கினதுமே மறுபடி படி தான். அப்பாவ ஊர்ல விட்டுட்டு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க.

நீலமலை:
ஹோங்சுன் அழகு தான், இல்லன்னு சொல்லல, ஆனா டிக்கெட் எடுத்து உள்ள போனா குளத்த சுத்தி ஆர்ட் காலேஜ் பசங்க வரிசையா ஸ்டூல் போட்டு வரஞ்சுட்டு இருப்பாங்க, கொடி புடிச்ச டூர் கைடுங்க, தெருவெல்லாம் ஒரே மாதிரி கடை. காலைலயும் ராத்திரியும் தான் ஊரு ஊரா இருக்கும், அதுக்கு உள்ளயே தங்கணும். கூட்டம் வேணாம்னா அதே தாலுகால நான்பிங் போங்க, பெரிய பெரிய குலக்கோயில், சந்துக்குள்ள சந்து, வழி தெரியாம சுத்துறதே ஒரு டைம்பாஸ்.

என் ஓட்டு தென்மேற்குல இருக்குற யுனான் மாகாணம். வயல் தான் வேணும்னா யுவான்யாங்ல ஹானி மக்களோட படி வயல், 2013ல யுனெஸ்கோ. அறுப்பு முடிஞ்சதும் அடுத்த நடவு வரைக்கும் தண்ணிய நிறுத்தி வெச்சுடுவாங்க, அதனால நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் தான் அங்க சீசனே, ஊருக்கே உல்டா. மலை உச்சில காடு, அதுக்கு கீழ ஊரு, அதுக்கும் கீழ வயல். காட்டுல எறங்குற தண்ணி ஊர் வழியா வாய்க்கால்ல வந்து ஒவ்வொரு வயலா எறங்கிட்டே போகும், 1300 வருஷமா இப்படித்தான் ஓடுதுன்னு சொல்றாங்க. துவோயிஷு வியூ பாயிண்ட்ல சூரிய உதயம், லாவ்ஹூசுய் வியூ பாயிண்ட்ல அஸ்தமனம். ஒரே ரிஸ்க் பனிமூட்டம், நாள் பூரா வெள்ளையா ஒண்ணுமே தெரியாம போகலாம், அதனால ரெண்டு ராத்திரியாவது போடுங்க.

போற வழில ஜியான்ஷுய் பழைய டவுன். அங்க சின்ன சின்ன டோஃபுவ கரி அடுப்புல சுட்டு குடுப்பாங்க, எத்தன சாப்ட்டோம்னு மக்காச்சோள மணிய எடுத்து வெச்சு எண்ணுவாங்க. அம்மாவுக்கு செட் ஆகும், தொட்டுக்க குடுக்குற சாஸ்ல என்ன இருக்குன்னு மட்டும் கேட்டுக்கோங்க.

தயிர்சாதம்:
சைவம் பத்தி நான் சொல்றேன், நானும் அந்த கட்சி. அங்க கீரை வதக்கல்னு ஆர்டர் பண்ணாலும் பன்னிக்கொழுப்புல வதக்கி இருக்கலாம், கறி இல்லாததால அவங்களுக்கு அது சைவம். கறி வேணாம்னு மட்டும் சொன்னா பத்தாது. கறி, மீன், முட்டை, பன்னிக்கொழுப்பு, ஆய்ஸ்டர் சாஸ், கோழி சூப்பு எதுவும் வேணாம்னு சீன மொழில ஒரு ஸ்க்ரீன்ஷாட் போன்ல வெச்சு காட்டுங்க. பௌத்த கோயில் பக்கத்துல சைவ ஓட்டல் இருந்தா கண்ண மூடிட்டு சாப்டலாம், பூண்டு வெங்காயம் கூட போட மாட்டாங்க. ஒரு சின்ன குக்கரும் அரிசியும் எடுத்துட்டு போங்க, சிரிக்காதீங்க.

இன்னொண்ணு, குளிரு. தெக்கு பக்கம் நம்ம ஊர் மாதிரி தான் இருக்கும்னு நெனச்சுடாதீங்க. யாங்சி ஆத்துக்கு தெக்க வீட்ல சென்ட்ரல் ஹீட்டிங் கெடையாது, பழைய மர வீடு, சுவர்ல சூடு காத்து விடுற ஒரு ஏசி, கட்டில்ல கரண்ட் போர்வை, அவ்ளோ தான். ரூம் புக் பண்றப்பவே கரண்ட் போர்வை இருக்கான்னு கேளுங்க.

டீக்கடை_பெஞ்ச்:
அடேங்கப்பா, நன்றி மக்களே. லோங்ஜி கேன்சல். அப்போ அந்த மண் வீடு?

ஊர்சுத்தி:
அது பேரு துலோ, ஃபூஜியான் மாகாணத்துல, ஹக்கா மக்களோடது, 46 கட்டடம் 2008ல யுனெஸ்கோல வந்துச்சு. 1709ல முடிச்ச செங்ச்சி லோன்னு ஒண்ணு இருக்கு, ஒரே வட்டத்துக்குள்ள ஒரு குலமே குடியிருந்துச்சு. கீழ சமையல்கட்டு, மாடில தானியம், அதுக்கு மேல தான் படுக்கை, ஏணி மாதிரி மரப்படி, பழைய துலோல கக்கூஸ் வெளிய. அப்பாவோட வேணாம், பகல்ல பாக்கலாமே ஒழிய தங்க முடியாது. அதே மாகாணத்துல இருக்குற ஷியாமென் சிட்டிலருந்து நீங்க தனியா ஒரு வாரக்கடைசி போய்க்கலாம். ரயில் புக் பண்றப்ப மட்டும் உஷார், அந்த ஏரியா ஸ்டேஷன் பேரும் நான்ஜிங், ஷாங்காய் பக்கத்துல இருக்குற பெரிய சிட்டியும் நான்ஜிங். இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே ஸ்பெல்லிங்.

நீலமலை:
விசா மறந்துடாதீங்க. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரிலருந்து 30 நாள் ஃப்ரீ, மலேசியாவுக்கும் ஃப்ரீ, ஆனா அது பாஸ்போர்ட்டுக்கு தான், பிஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) வேலைக்கு ஆவாது. இந்தியன்னா டூரிஸ்ட் விசா எடுத்தே ஆகணும், வேற நாட்டுக்கு போற வழில விசா இல்லாம 240 மணி நேரம் தங்க விடுற ட்ரான்சிட் லிஸ்ட்லயும் நம்ம பேரு இல்ல. அலிபேங்குற பணம் கட்டுற ஆப்ல உங்க கார்ட இங்கயே லிங்க் பண்ணிடுங்க, கூகுள் மேப் நம்பி போகாதீங்க, வாட்ஸாப் அங்க பிளாக், ஆனா ரோமிங் சிம் போட்டா ஓடும்.

டீக்கடை_பெஞ்ச்:
சரி, ஆன்ஹுய் தான்னு வீட்ல பேசி முடிச்சாச்சு. யுனான் படி வயலுக்கு அம்மா ஆசைப்பட்டாங்க, பனிமூட்டம்னு கேட்டதும் அப்பா வேணாம்னுட்டாரு. ஹோங்சுன் உள்ள ரெண்டு ராத்திரி, ஷீதில ஒண்ணு, மிச்சம் ஹாங்ஜோ. குக்கர் அம்மா ஏற்கனவே எடுத்து வெச்சுட்டாங்க.

தயிர்சாதம்:
ஷீதில ரெண்டா போடுங்க, ஹாங்ஜோல ஒண்ண கொறச்சுக்கலாம். ரயில் டிக்கெட் 15 நாள் முன்னாடி தான் தொறக்கும், பாஸ்போர்ட்ல பேரு எப்படி இருக்கோ அப்படியே அடிங்க, அப்பா பேர் இனிஷியலோட இருந்தா அதையும் பாத்துக்கோங்க.