கிரப் திரையோடு நின்றுவிட்டது, டிஸ்கை அழிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். நேற்று இரவு விண்டோஸ் 10 இருக்கும் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் சேர்த்து நிறுவினேன். கடைசியில் பூட்லோடர் (இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் சிறு நிரல்) எழுதும் இடத்தில் அப்படியே உறைந்துவிட்டது. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன். மறுபடி போட்டால் கருப்புத் திரையில் 'கிரப்' (உபுண்டுவின் பூட்லோடர் பெயர்) என்ற ஒரு சொல்லும் மினுங்கும் கோடும்தான். பதற்றத்தில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், கணினி கிளம்பும் முறை யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்றிருந்ததை லெகசி (பழைய முறை) என்று மாற்றினேன். இப்போது அந்தத் திரைகூட வருவதில்லை, பூட் டிவைஸே இல்லை என்கிறது.

டி டிரைவில் அப்பா பாடிய பாட்டுகள் இருக்கின்றன. அப்பா இப்போது இல்லை. வேறு நகலும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடு என்கிறான் நண்பன். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாம். தயவுசெய்து இன்று எதையும் நிறுவாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்டது பூட்லோடர்தான். அது இருப்பது தனியாக டிஸ்கில் பிரித்துவைத்த ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனில். பாட்டுகள் இருப்பது வேறு இடத்தில்.

முதலில் லெகசியை யூஇஎஃப்ஐக்கே திருப்புங்கள். யூஇஎஃப்ஐ முறையில் போட்ட விண்டோஸ் லெகசியில் கிளம்பாது. அப்புறம் அதே உபுண்டு யூஎஸ்பியைச் செருகி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் உள்ளே போங்கள். டி டிரைவைத் திறந்து பாட்டுகளை வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (விண்டோஸ் முழுதாக அணையாமல் அடுத்த முறை வேகமாகக் கிளம்பும் வசதி) காரணமாக டிரைவ் படிக்க மட்டுமே திறக்கலாம், பயப்பட வேண்டாம், நகலெடுக்க அது போதும். எடுத்ததும் சிலவற்றையாவது போட்டுக் கேளுங்கள். கோப்பின் பெயர் தெரிவதை மட்டும் நம்பக் கூடாது.

பதில் 2:
நகல் கைக்கு வந்த பிறகு பூட் மெனுவைத் திறங்கள். எதிலிருந்து கிளம்புவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் அது. அதற்கான விசை எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கணினிக்குக் கணினி மாறும். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் கிளம்பிவிடும். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும், எடுத்து வையுங்கள்.

அது இல்லையென்றால் விண்டோஸ் யூஎஸ்பியின் ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டும் திரை) வழியாக, விண்டோஸ் பூட்லோடரைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்ட வேண்டும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் கட்டளை கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
பாட்டுகள் கிடைத்துவிட்டன! 43 கோப்புகள். சிலவற்றை மட்டும் கேட்க மனம் வரவில்லை, எல்லாவற்றையும் கேட்டேன். முதல் பாட்டுக்கு முன்னால் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு "ஆன் பண்ணிட்டியா?" என்று கேட்பது அப்படியே இருக்கிறது. பூட் மெனுவில் விண்டோஸும் இருந்தது, கிளம்பிவிட்டது. இரண்டாவது நகலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருவருக்கும் நன்றி.