மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்: டெல்டா வீடுகளின் ரிப்பேர் அனுபவங்கள்

குடமுருட்டிக்காரன்:

திருவையாறு பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் அரை எச்பி மோனோபிளாக் மோட்டார். வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, சித்திரை வைகாசியில் மட்டும் வம்பு பண்ணும். சுவிட்சைப் போட்டால் 'உம்'மென்று உறுமும், சுற்றாது.

இந்தச் சத்தம் கேட்டால் முதல் வேலை, சுவிட்சை அணைப்பது. 'கொஞ்ச நேரம் விட்டால் பிடித்துக்கொள்ளும்' என்று நிற்கிறவர்கள்தான் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடைக்குச் சோறு போடுகிறார்கள். சுற்றாத மோட்டாருக்குள் கரண்ட் பல மடங்கு பாயும், காயில் சீக்கிரமே கருகிவிடும்.

அப்புறம் வோல்டேஜ். டெல்டாவில் பாதி ரிப்பேர் மெஷினுக்குள்ளேயே கிடையாது, வெளியே கரண்டிலும் தண்ணீரிலும்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். ஆனால் போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டிருப்பார்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் வயல் பம்ப்செட்டும் ஓட வேண்டும், வீட்டு மோட்டாரும் ஓட வேண்டும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 170 காட்டினால் மோட்டாரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ராத்திரி போட்டுப் பாருங்கள், அதே மோட்டார் சமர்த்தாகச் சுற்றும்.

போன கோடையில் வோல்டேஜ் சரியாகவே இருந்தது, ஆனாலும் உறுமல். மெயினை இறக்கிவிட்டுப் பின்பக்க ஃபேன் கவரைக் கழற்றினேன். ஷாஃப்ட் நுனியில் ஸ்க்ரூடிரைவர் உட்காரும் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும், பல மோட்டார்களில் பார்க்கலாம். அதில் வைத்துத் திருப்பினால் இம்மியும் அசையவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்த நேரத்தில் உள்ளே இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) துருவேறி ஒட்டிக்கொண்டுவிட்டது. கொஞ்சம் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஒரே பக்கமாக முறுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். 'கரக்' என்றது. அப்புறம் விரலாலேயே சுற்ற முடிந்தது. பம்புக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டு சுவிட்சைப் போட்டேன், தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

ஷாஃப்ட் கையால் லேசாகச் சுற்றுகிறது, வோல்டேஜும் இருக்கிறது, அப்படியும் உறுமுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர்தான் (மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன டப்பா). அதைப் பார்க்கும் முன் வேறெதையும் பிரிக்க வேண்டாம்.

வேதாரண்யத்து அக்கா:

தம்பி சொல்வது எங்கள் பக்கத்துக்கு இன்னும் பொருந்தும். குடிக்கக் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீர், துணி துவைக்க போர்த் தண்ணீர். வாயில் வைத்தால் உப்பு.

எங்கள் வாஷிங் மெஷின் திடீரென்று தண்ணீர் எடுக்காமல் பீப் பீப் என்று நின்றது. வந்து பார்த்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போச்சும்மா, மாத்தணும்" என்று, மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் அட்டைக்கு ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொன்னார். 'வீட்டுக்காரர் வரட்டும்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் துபாயில் இருக்கிறார், அது வேறு கதை.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, மெஷினின் முதுகில் தண்ணீர் டியூப் வந்து சேரும் மரையைக் கையால் கழற்றினேன். உள்ளே ஐம்பது காசு அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை. வலைக்கண்ணே தெரியவில்லை! வெள்ளை உப்பும் பொடி மணலும் சேர்ந்து பூசி மெழுகியிருந்தது. மூக்குக் குறடால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். மெஷின் பழையபடி தண்ணீர் எடுக்கிறது. போர்டு அதே போர்டுதான்.

உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை இந்த வலையைக் கழுவுங்கள். முன்பக்கக் கதவு மெஷின் என்றால் கீழே மூலையில் இன்னொரு ஃபில்டர் இருக்கும், சட்டைப் பித்தான், சில்லறை எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

அரசலாறு:

2011-ல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் அம்மாவுக்குக் கிடைத்த மிக்சி இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. சட்னியைக் கெட்டியாக அரைத்து அது நின்றுபோனால் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். ஆறவிட்டு அமுக்குங்கள், உடனே அமுக்கினால் பட்டன் உள்ளே நிற்காது. மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் சக்கரம்) தேய்ந்திருக்கும். இதன் மரை தலைகீழ், கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மற்ற பக்கம் முறுக்கி உடைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

நாகைக்காரர்:

நான் சொல்வது கழற்றிப் பார்க்கிற ரிப்பேர் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. அதன் பிறகு கரண்டுக்காக எத்தனை நாள் காத்திருந்தோம் என்று இங்கே பலருக்கும் தெரியும். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மாடித் தொட்டி நிரப்பினோம். கரண்ட் வந்த சந்தோஷத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் போட்டார்கள். எங்கள் வீட்டில் ஃபேன் தாறுமாறான வேகத்தில் சுற்றியது, எதிர்வீட்டில் நகரவே மாட்டேன் என்றது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

கம்பத்தில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி) விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். வேறு வேறு ஃபேஸில் (கரண்ட் வரும் தனித்தனி லைனில்) இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு, அதாவது ஓடும் சாமான், குறைவாக இருக்கும் வீட்டுக்குத்தான் அதிகப் பங்கு. இறக்காத வீடுகளில் டிவியும் செட்டாப் பாக்ஸும் போயின. இதில் நாம் கைவைக்க எதுவும் இல்லை. மெயினை இறக்கிவிட்டு லைன்மேனுக்குச் சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தையும் இறக்கச் சொல்ல வேண்டும். புயல், பெருமழைக்குப் பிறகு கரண்ட் வந்ததும் முதலில் ஒரே ஒரு லைட்டைப் போடுங்கள். ஃபிரிட்ஜ் காத்திருக்கட்டும்.

அரசலாறு:

அண்ணே, ஒரு சந்தேகம். ஹால் ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது. சில நேரம் குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. மற்ற ஃபேன் எல்லாம் சரி.

குடமுருட்டிக்காரன்:

மற்றவை சரியாக ஓடினால் வோல்டேஜ் கோளாறு இல்லை, பெரும்பாலும் கண்டன்சர்தான். மெயினை இறக்கிவிட்டு ஃபேன் கம்பியில் இருக்கும் கப் மூடியைத் தளர்த்தினால் தெரியும். இரண்டு ஒயர் எங்கெங்கே போகிறது என்று போனில் போட்டோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். பழைய கண்டன்சரைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும், சிலவற்றில் 3.15. என்ன எழுதியிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். 'நாலு போடுங்க, காத்து பிச்சுக்கும்' என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம், காயில் சூடேறும். புதிதாகப் போட்ட பிறகும் தள்ளினால்தான் சுற்றுகிறது என்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். அதற்கு ஃபேனைக் கீழே இறக்கியாக வேண்டும், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.