இருபது ரூபாய்ப் பத்திரமும் நீதிமன்ற உத்தரவும்

குழு: வீட்டு ஆட்கள் மட்டும்
சனிக்கிழமை

முருகேசன் (காலை 6.40): எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். மகா நேற்று ராத்திரி கடைசி பஸ்ஸில் பையனோடு வந்து இறங்கியிருக்கிறாள். அவள் அம்மா செல்வி வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் போன் பண்ணி நாளை வரச் சொல்கிறேன். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, கூட அனுப்பிவைத்துவிடலாம்.

செல்வி: அண்ணே, முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. இடது கையைத் தூக்க முடியவில்லை. பையன் விடிய விடியத் தூங்கவில்லை.

பாண்டி: இன்னும் என்ன பேச்சு மாமா? ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவன் கையை முறித்துவிட்டு வருகிறேன்.

ராஜாத்தி: பாண்டி, சும்மா இரு. நீ ஜெயிலுக்குப் போனால் உன் அக்காவை யார் பார்ப்பது? அப்பா இல்லாத வீடு அது.

பாண்டி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கவிதா: இப்போதுதான் பார்த்தேன். பெரியப்பா, நாளைய பேச்சை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் ஆஸ்பத்திரி. அத்தை, மகாவைக் கூட்டிக்கொண்டு உடனே திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லவே கூடாது. யார் அடித்தது, எப்போது, எதனால் அடித்தது என்று உள்ளபடி சொல்லட்டும். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவேட்டைத்தான் ஏ.ஆர். என்பார்கள். அதன் காப்பி கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் ஏ.ஆர். எண்ணையாவது குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். வீக்கம் வடிவதற்குள் போட்டோவும் எடுத்துவையுங்கள்.

செல்வி: ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸுக்குத் தகவல் போய்விடுமே கவிதா?

கவிதா: போகட்டும் அத்தை. தகவல் போன உடனே ஆளைத் தூக்கி உள்ளே வைத்துவிட மாட்டார்கள். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கிளம்புங்கள்.

முருகேசன்: கவிதா, நீ வக்கீலுக்குப் படித்திருக்கிறாய், மதுரையில் பிராக்டீஸ் பண்ணுகிறாய், எல்லாம் சரி. ஆனால் கோர்ட்டு வாசலை மிதித்த குடும்பம் மறுபடி ஒட்டாது. தாய்மாமன் நான் இருக்கும்போது அந்த நிலைமை வரக் கூடாது. போன ஆடியில் எழுதி வாங்கினோமே, இந்தத் தடவை இன்னும் கறாராக எழுதி வாங்குவோம்.

பிரபு: அப்பா, அந்தப் பத்திரம் நம் பீரோவில்தான் இருக்கிறது. படம் அனுப்புகிறேன். (படம்)

பிரபு: இருபது ரூபாய்ப் பத்திரம். “இனிமேல் என் மனைவியைக் கைநீட்டி அடிக்க மாட்டேன். மீறினால் பெரியோர்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.” கீழே சாட்சிக் கையெழுத்து நாலு. முதல் கையெழுத்து உங்களுடையது.

கவிதா: பிரபு, அதைக் கசங்காமல் வைத்திரு. அடித்தேன் என்று அவரே கைப்பட ஒப்புக்கொண்ட ஒரே காகிதம் அதுதான்.

பெரியப்பா, கோபப்படாமல் கேளுங்கள். மீறினால் பெரியவர்கள் முடிவு எடுப்பார்கள் என்று எழுதினோம். தை மாசம் மீறினார். நாம் எடுத்த முடிவு, போனில் ரெண்டு வார்த்தை கண்டித்தது. இப்போது மறுபடி மீறியிருக்கிறார். அந்தக் காகிதத்தை மீறினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, அது அவருக்குத் தெரியும். அதே வாக்கியத்தை ஒரு மாஜிஸ்திரேட் எழுதினால் அது பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். உத்தரவின் நகல் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்விடும். நீங்கள் வாங்கியதும் உத்தரவாதம்தான், அதற்குப் பல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முருகேசன்: கேஸ் போட்டால் அவன் அம்மா, தங்கச்சி எல்லோரையும் அரெஸ்ட் பண்ணுவார்கள். அவன் வேலை போகும். நாளைக்கு மகாவுக்கு யார் சோறு போடுவது?

கவிதா: நீங்கள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவைச் சொல்கிறீர்கள். 1983-இல் வந்தது. 2024 ஜூலையில் இருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. கணவன் வீட்டார் கொடுமைக்கு மூன்று வருஷம் வரை தண்டனை உள்ள கிரிமினல் வழக்கு. அதில்கூட எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, ஏன் கைது தேவை என்று காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது.

நான் சொல்வது வேறு சட்டம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அடுத்த வருஷம் அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. அது வருவதற்கு முன்னால் பெண்ணுக்குப் பெரும்பாலும் ரெண்டு வழிதான்: புருஷனை ஜெயிலுக்கு அனுப்புவது, இல்லையென்றால் விவாகரத்து. ரெண்டும் வேண்டாம், அடி நின்றால் போதும் என்று நினைக்கிற பெண்ணுக்கென்று தனிச் சட்டம் இல்லை. நம் வீடுகளில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இந்தச் சட்டம். விவாகரத்து கேட்காமலே மனு போடலாம்.

ராஜாத்தி: எல்லோரும் பேசுகிறோம். அவளிடம் யாராவது கேட்டோமா?

மகா (காலை 9.15): ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் படித்தேன்.

மகா: மாமா, எனக்கு அவரை ஜெயிலில் போட வேண்டாம். விவாகரத்தும் இப்போது வேண்டாம். பையன் அங்கே ரெண்டாம் வகுப்பு படிக்கிறான், அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு அவனைப் பிரிக்க முடியாது. என் வேலையும் அங்கேதான். அந்த வீட்டில் அடி வாங்காமல் இருக்க வேண்டும். அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள். பழையபடி பேசி அனுப்பினால் நான் போக மாட்டேன்.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை.)

செல்வி: அண்ணே, பார்த்தீர்களா?

முருகேசன்: பார்த்தேன்.

பாண்டி: கவிதா மதினி, வீடு அவன் அம்மா பேரில் இருக்கிறது. “உன் பேரில் என்ன இருக்கிறது, வெளியே போ” என்றுதான் அக்காவை நேற்று ராத்திரி கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

கவிதா: அதை நம்பித்தான் நிறையப் பெண்கள் வெளியே வந்துவிடுகிறார்கள் பாண்டி. பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி, கல்யாணமாகிப் போய் அவள் வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. சட்டப்படி நடவடிக்கை எடுக்காமல் வெளியே தள்ள முடியாது. மாமியார், மாமனார் பேரில் உள்ள வீடு இதில் சேராது என்று 2006-இல் வந்த ஒரு தீர்ப்பு ரொம்ப வருஷம் குறுக்கே நின்றது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அது சரியில்லை என்று மாற்றிவிட்டது. தேவைப்பட்டால் அடிக்கிற ஆளை வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டால் முடியும். வீட்டில் அமைதி வர அது ஒன்றுதான் வழி என்றால் அப்படியே உத்தரவு போடலாம் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது.

பிரபு: அவர் வெளியே, மகா உள்ளே. இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது அக்கா.

கவிதா: மகா, ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், மெதுவாகச் சொன்னால் போதும். உன் சம்பளம் யார் கையில்?

மகா: ஏ.டி.எம். கார்டு மாமியாரிடம். பஸ்ஸுக்கு வாரா வாரம் எண்ணித் தருவார்கள். நகையில் எட்டுப் பவுன் அவர் தொழிலுக்கு என்று அடகு வைத்தது. கொரோனா முடிந்த வருஷம். இன்னும் மீட்கவில்லை.

கவிதா: இதுவும் வன்முறை என்று சட்டத்திலேயே இருக்கிறது, பொருளாதார வன்முறை என்று பேர். அடி, திட்டு, சந்தேகப் பேச்சு, படுக்கையில் வற்புறுத்தல் எல்லாம் சட்டம் சொல்லும் வன்முறையில் வரும். சம்பளத்தைப் பிடுங்குவதும் நகையை எடுத்துக்கொள்வதும் அதே வரிசைதான். நகையைத் திருப்பிக் கேட்கலாம், ஆஸ்பத்திரிச் செலவு கேட்கலாம், பையனுக்கும் உனக்கும் மாதச் செலவு கேட்கலாம். பையன் உன்னிடம் இருக்கவும் இதே மனுவில் கேட்கலாம்.

மகா: மதினி, நகை போய் வருஷக்கணக்கு ஆகிறது. ஒரு வருஷத்துக்குள் கேட்காவிட்டால் செல்லாது என்று அவர் அண்ணன் சொன்னார்.

கவிதா: தப்பு. மனு போட ஒரு வருஷக் கெடு கிடையாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து போன வழக்குதான் அது. பழசையும் எழுது.

பாண்டி: மார்ச்சில் அக்கா அந்த ஊர் ஸ்டேஷனுக்கே போயிருக்கிறாள். ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, அனுசரித்துப் போம்மா என்று அனுப்பிவிட்டார்கள்.

கவிதா: புகார் வாங்கியதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்களா?

மகா: கொடுத்தார்கள். பையன் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

கவிதா: அது போதும். 1992-இல் சென்னையில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலம் நம்முடையது. பெண்ணிடம் பெண் போலீஸ் பேசினால் தயங்காமல் சொல்வாள் என்பதற்காகத் திறந்தது. அங்கேயும் சமாதானம் பேசி அனுப்புவது வழக்கமாகிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. புகார் கொடுக்கிற பெண்ணிடம் உனக்கு இன்ன உரிமை இருக்கிறது, இலவச வக்கீல் உண்டு, இந்தச் சட்டத்துக்கென்று அரசு போட்ட பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. சட்டத்தில் எழுதியே இருக்கிறது.

ராஜாத்தி: அங்கே மகா வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண் எனக்குப் போன் பண்ணினாள். சத்தம் கேட்டதாம், கதவைத் தட்டப் பயந்துவிட்டாளாம். நம்மை வம்பில் இழுத்துவிடுவார்கள் என்று அவள் வீட்டுக்காரர் தடுத்திருக்கிறார்.

கவிதா: பெரியம்மா, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். இப்படி ஒரு வன்முறை நடக்கிறது, நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில், கிரிமினல் எந்த வழக்கும் வராது. அதற்கென்றே இந்தச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு. பெண்கள் உதவி எண் 181-க்கு ஒரு போன் போதும், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். அடி விழுந்துகொண்டிருக்கிற நேரம் என்றால் அவசர எண் 112.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க அடிபட்டவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். மீதிப் பேர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நமக்குச் சத்தம் கேட்கிறது.

செல்வி: இவளுக்காவது வந்து நிற்க அம்மா வீடு இருக்கிறது. அதுவும் இல்லாதவள் எங்கே போவாள்?

கவிதா: மாவட்டத்துக்கு மாவட்டம் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது அத்தை, சகி என்று போர்டு இருக்கும். 2015-இல் வந்த திட்டம். அஞ்சு நாள் வரை தங்கலாம். மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, போலீஸ் எல்லாம் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள்.

முருகேசன்: சரி கவிதா. கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும்? அதைச் சொல். நான் நிலத் தகராறில் பட்டது உனக்குத் தெரியும்.

கவிதா: மறைக்காமல் சொல்கிறேன் பெரியப்பா. மனு போட்ட மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அறுபது நாளில் முடிவது அபூர்வம். ஒரு பாதுகாப்பு அலுவலர் ஒரு மாவட்டம் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு இதில் ஆள் போடாமல் எத்தனை சட்டம் எழுதினாலும் பாதிதான் நடக்கும். ஆனால் கடைசித் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்கால உத்தரவு முதல் நாளே கேட்கலாம். நிலைமை மோசம் என்று மாஜிஸ்திரேட்டுக்குப் பட்டால், அவள் பிரமாண வாக்குமூலத்தை வைத்து எதிர்த் தரப்பு வருவதற்கு முன்னாலேயே போடலாம். மகாவுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

பிரபு: எந்த ஊர்க் கோர்ட்டில் போடுவது? ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போய் வர முடியுமா?

கவிதா: தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்திலேயே போடலாம். அத்தை வீடு போதும், திண்டுக்கல்தான். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. சொந்தக்காரி நான் வாதாடுவதைவிட அங்கே ஒருவரைப் போடுவது நல்லது. பின்னால் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. மனுவில் நடந்ததை மட்டும் எழுதுவோம். சென்னையில் இருக்கிற நாத்தனாரை இதில் இழுக்கக் கூடாது. பாண்டி, இது உனக்குத்தான்.

பாண்டி: சரி மதினி.

செல்வி (பகல் 12.50): எக்ஸ்ரே எடுத்தாச்சு. முழங்கைக்கு மேலே விரிசல். கட்டுப் போட்டிருக்கிறார்கள். டாக்டரிடம் அவளே எல்லாம் சொன்னாள். ஏ.ஆர். எண் எழுதித் தந்திருக்கிறார்கள்.

கவிதா: எலும்பு முறிவு என்றால் போலீஸ் வழக்கும் தனியாக இருக்கிறது மகா. வேண்டுமா வேண்டாமா என்று நீ யோசித்துச் சொல், யாருக்காகவும் அவசரப்படாதே. ஆனால் அவர் இங்கே வந்து கலாட்டா பண்ணினால் யோசிக்கவே கூடாது, உடனே 112.

முருகேசன் (மாலை 4.05): மாப்பிள்ளை வீட்டில் பேசிவிட்டேன். நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போவது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் கை உடைந்த பிள்ளையை அதே வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன். திங்கட்கிழமை என்ன செய்ய வேண்டும்?

கவிதா: காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். மகா சொல்லச் சொல்ல அவர் ஒரு அறிக்கை எழுதுவார், டி.ஐ.ஆர். என்பார்கள். அது மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். கல்யாணப் பத்திரிகை, ஆதார், ஏ.ஆர். எண், சி.எஸ்.ஆர். ரசீது, பேங்க் பாஸ்புக் எடுத்துவையுங்கள். மகா, அவர் அனுப்பிய குரல் பதிவு எதையும் அழிக்காதே, இன்னொரு போனுக்கும் அனுப்பிவை. பேசும்போது அவளே பேசட்டும் பெரியப்பா, நடுவில் நீங்கள் பேச வேண்டாம்.

முருகேசன்: சரிம்மா. நகை வாங்கிய ரசீதெல்லாம் என்னிடம் இருக்கிறது. பவுன் வாரியாக எழுதிக்கொண்டு வருகிறேன்.

மகா: மாமா, பையன் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல வேண்டும். அவன் டீச்சரிடம் என்ன சொல்வது?

கவிதா: அம்மாவுக்குக் கை முறிந்திருக்கிறது, ஒரு வாரம் பாட்டி வீட்டில் இருக்கிறான் என்று சொல். டி.சி. யார் கேட்டாலும் உன்னைக் கேட்காமல் தரக் கூடாது என்று ஒரு கடிதமும் எழுதுவோம். ராத்திரி எழுதி உனக்குத் தனியாக அனுப்புகிறேன், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

பிரபு: காலையில் எட்டரைக்குக் காரோடு அத்தை வீட்டு வாசலில் இருப்பேன்.