தாத்தாவைப் பற்றிய கட்டுரை: புதுப்பிப்பு

ஊரே போற்றிய ஆசிரியரான என் தாத்தா, தம் மகளான என் அத்தையின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியதைக் கட்டுரையில் எழுதலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். விட்டுவிடுவதே மரியாதை என்று பலர் சொன்னீர்கள். நானும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திர'த்தை மறுபடி வாசித்ததுதான். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் இசை பயின்றுவந்தது அவருடைய தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. இசையில் மனம் போனால் இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்று அவர் நினைத்ததை அறிந்து, ஆசைப்பட்டுக் கற்ற இசையை மாணவர் விட்டுவிட்டார். ஆசிரியரைத் தெய்வமாகக் கருதியவரே இதையும் ஒளிக்காமல், குற்றஞ்சாட்டும் தொனியுமின்றி, நிகழ்ந்தபடி எழுதியிருக்கிறார். அதனால் பிள்ளையவர்கள் சிறுத்துப்போகவில்லை. மாணவரைத் தமிழுக்கு வெளியே விட மனமில்லாத மனிதராகக் கண்முன் நிற்கிறார்.

ஆகவே அத்தையிடமே கேட்டேன். படிப்பை நிறுத்திய அதே தாத்தா, மாதந்தோறும் நூலகத்திலிருந்து அவருக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார் என்ற செய்தி அப்போதுதான் கிடைத்தது. (அதைச் சொல்லும்போது அத்தை மகிழ்ந்தாரா, கசந்தாரா என்பது எனக்கு விளங்கவில்லை, விளங்காததை அப்படியே எழுதிவிட்டேன்.) அவர் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகு இரண்டும் கட்டுரையில் இடம்பெற்றுள்ளன, பெயரை மட்டும் அவர் கேட்டபடி மாற்றியிருக்கிறேன்.