கேட் தேர்வு கணிதப் பகுதி: தெரிந்த கணக்கிலேயே மைனஸ் விழுகிறது, என்ன செய்யலாம்?

தாமிரபரணி_எழுதுவது:
வணக்கம். நவம்பரில் ஐஐஎம் கேட் எழுதப் போகிறேன் (இன்ஜினியரிங் கேட் இல்லை, எம்பிஏ சேர்க்கைக்கான கேட்). பாடம் ஒரு சுற்று முடிந்துவிட்டது. சதவீதம், லாப நட்டம், நேரம்-வேலை எல்லாம் நிதானமாகப் போட்டால் வருகிறது. ஆனால் மாக் டெஸ்டில் 14 கேள்வி தொட்டால் 6 தப்பாகிறது. அல்ஜீப்ராவில் பெரும்பாலும் விடைக்குப் பக்கத்தில் வந்து கோட்டை விடுகிறேன். வேகத்துக்குப் பயிற்சி எடுக்கணுமா, இன்னும் ஃபார்முலா படிக்கணுமா? ஜியோமெட்ரியை மொத்தமாக விட்டுவிடலாமா?

மேசைவிளக்கு:
இரண்டும் வேண்டாம். முதலில் கேள்வியை விடப் பழகுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 22 கேள்வி, 40 நிமிடம். சரிக்கு 3, ஆப்ஷன் கேள்வி தப்பானால் மைனஸ் 1. 14 தொட்டு 8 சரி, 6 தப்பு என்றால் 24 − 6 = 18. அதே ஆள் 11 மட்டும் தொட்டு 9 சரி, 2 தப்பு என்றால் 27 − 2 = 25. குறைவாகத் தொட்டவருக்கு ஏழு மார்க் அதிகம்.

திரையில் கேள்விகள் சுலபம், கஷ்டம் என்று வரிசையாக வராது. 4ஆம் கேள்வி ஆளை விழுங்கும். 20ஆவது ஒரே வரியில் முடியும். 4இல் ஆறு நிமிடம் மல்லுக்கட்டுபவர் 20ஐப் பார்ப்பதே இல்லை. அதனால் இரண்டு சுற்றாகப் போங்கள். முதல் சுற்றில் 1 முதல் 22 வரை எல்லாவற்றையும் வாசித்தே ஆகணும். வாசித்து அரை நிமிடத்தில் வழி தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் அடுத்தது. இந்தச் சுற்று 22, 23 நிமிடத்துக்குள் முடியணும். வழி தெரிந்தும் நேரம் இழுக்கும் என்று தோன்றுபவற்றைக் குறித்து வைத்து இரண்டாம் சுற்றில் எடுங்கள். எந்தக் கேள்வியானாலும் இரண்டரை நிமிடம் தாண்டினால் கையை எடுத்துவிடுங்கள். பாதி போட்டாயிற்றே என்ற நினைப்புதான் இங்கே பெரிய எதிரி.

கடைசி நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆப்ஷன் தட்டுவதில் லாபம் கிடையாது. நான்கில் ஒரு வாய்ப்புக்கு 3, மூன்று வாய்ப்புக்கு மைனஸ் 1, சராசரி பூஜ்யம். ஒரு ஆப்ஷனையாவது தப்பு என்று உறுதியாக நீக்க முடிந்தால்தான் கணக்கு நம் பக்கம் சாயும். விடையை நாமே தட்டச்சு செய்யும் டீட்டா கேள்விகளுக்கு மைனஸே கிடையாது, அவற்றில் போட்டுப் பார்த்த எண்ணைக் காலியாக விடாதீர்கள்.

விகிதம்:
தம்பி, மேலே சொன்னது சரிதான். ஆனா அரித்மெட்டிக்ல x, y வச்சு சமன்பாடு எழுதுற பழக்கம் இருந்தா அந்த 22 நிமிஷம் பத்தாது. பின்னத்துல யோசிங்க.

20% தள்ளுபடி கொடுத்தும் 12% லாபம்னா, குறித்த விலை அடக்க விலையைவிட எவ்வளவு அதிகம்? 80 × குறித்த விலை = 112 × அடக்க விலை. 112/80 = 7/5. அதாவது 40%. பேப்பரே தேவையில்லை.

வேகம் கால் பங்கு குறைஞ்சா 20 நிமிஷம் தாமதம், வழக்கமான நேரம் என்ன? வேகம் 3/4 ஆனா நேரம் 4/3. கூடுதல் 1/3 பங்குதான் அந்த 20 நிமிஷம், அப்போ 60.

40 லிட்டர் பால்ல 8 லிட்டர் எடுத்துட்டுத் தண்ணி ஊத்துறது இரண்டு தடவை நடந்தா, மிச்சப் பால் 40 × 4/5 × 4/5 = 25.6 லிட்டர். இதுல நிறைய பேர் 40 − 16 = 24னு போடுவாங்க. இரண்டாம் தடவை எடுக்கிற 8 லிட்டர்லயும் தண்ணி கலந்திருக்குங்கறது விட்டுப்போகும். பரீட்சைல அந்த 24 ஆப்ஷனா உட்கார்ந்திருக்கும்.

1/6, 1/7, 1/8, 1/9, 1/11, 1/12 இதுக்கெல்லாம் சதவீதம் யோசிக்காம வாயில வரணும்.

பகாஎண்:
அல்ஜீப்ராவில் பக்கத்தில் வந்து தவறுவது ஃபார்முலா குறையால் இல்லை, நிபந்தனையை வாசிக்காததால்.

3x + 5y = 100. x, y மிகை முழுக்கள். எத்தனை தீர்வு? 100 − 5y மூன்றால் வகுபட வேண்டும்; y = 2 என்றால் 90, சரி. அங்கிருந்து y மூன்று மூன்றாக ஏறும்: 2, 5, 8, 11, 14, 17. அடுத்த 20க்கு x = 0. பூஜ்யம் மிகை எண் அல்ல, ஆகவே விடை 6. அதே கேள்வியில் ‘குறை எண் அல்லாத முழுக்கள்’ என்று இருந்தால் விடை 7. வழிமுறை முழுக்கச் சரியாக இருந்தும் ஒரு சொல்லால் மார்க் போகும் இடம் இது.

லாகரிதமும் அப்படித்தான். 2ஐ அடிமானமாகக் கொண்டு log x + log (x − 2) = 3 என்றால் x² − 2x − 8 = 0; x = 4 அல்லது −2. குறை எண்ணுக்கு லாக் கிடையாது, எனவே ஒரே தீர்வு.

மீச்சிறு மதிப்புக் கேள்விகளிலும் கவனம் வேண்டும். x + 9/x, x > 0 என்றால் மீச்சிறு மதிப்பு 6, அது x = 3இல் கிடைக்கும். ஆனால் x ≥ 4 என்று கொடுத்திருந்தால் 3க்குப் போகவே முடியாது, விடை 6.25.

நிபந்தனைச் சொற்களை, அதாவது மிகை, முழு, வெவ்வேறான, குறைந்தபட்சம் ஆகியவற்றை, கணக்கைத் தொடங்கும் முன் ரஃப் தாளில் எழுதிவிடுங்கள். விடையை உள்ளிடும் முன் அதோடு ஒரு தடவை ஒப்பிடுங்கள். குறிப்பாக டீட்டாவில், 7 தப்பு என்று சொல்ல அங்கே ஆப்ஷன் இருக்காது.

தாமிரபரணி_எழுதுவது:
மிக்க நன்றி. அந்த 3x + 5y கணக்கில் நானும் 7 என்றுதான் எழுதியிருப்பேன். ஜியோமெட்ரி பற்றியும் கால்குலேட்டர் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

மேசைவிளக்கு:
ஜியோமெட்ரியை விட வேண்டாம், சுருக்குங்கள். முக்கோணம், வட்டம், ஆயத்தொலைவு போதும். தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம் இரண்டும் சமச்சீர் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அந்தப் பயிற்சிகளை மறுபடி போடுங்கள். பிறகு 13, 14, 15 பக்க முக்கோணத்தை எடுத்து எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள்: பரப்பு 84, 14மீது வரையும் குத்துயரம் 12 (அது 5-12-13, 9-12-15 என்று பிரிக்கும்), உள்வட்ட ஆரம் 4, சுற்றுவட்ட ஆரம் 65/8. நான்கும் தடுமாறாமல் வந்தால் முக்கோணத்தில் பாதிக்கு மேல் கைவசம்.

திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால்தான் அமுக்கணும். 17 × 24க்கு அதைத் திறந்தால் மனக்கணக்கைவிட நேரம் போகும். அசிங்கமான வகுத்தல், வர்க்கமூலம் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் போடும்போதும் கைபேசியை எடுக்காமல் மவுஸோடு பழகுங்கள்.

மாக் முடிந்ததும் விளக்கத்தை உடனே திறக்காதீர்கள். தப்பானவற்றையும் விட்டவற்றையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். அப்போது சரியாக வந்தால் குறை வாசிப்பிலோ தேர்விலோ இருக்கிறது. அப்போதும் வராவிட்டால் மட்டும் அந்தப் பாடத்துக்குத் திரும்புங்கள். மாக் எழுத 40 நிமிடம் என்றால் இதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்கு நேரம் இல்லாத வாரத்தில் புது மாக் எழுத வேண்டாம்.