பூட்டுப் படம் இருந்ததே, பிறகெப்படி? திருகோணமலைக்காரரின் அனுபவங்கள்

வயர்க்காரன், உப்புவெளி:
உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளுக்கு கேமராவும் வைஃபையும் பூட்டிக் கொடுப்பது என் வேலை. போன சீசனில் ஒரு விடுதிக்கார அக்கா பதறிப்போய்க் கூப்பிட்டார். அறை முன்பதிவுத் தளத்தின் பெயரில் மின்னஞ்சல்: விருந்தினர் ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறாராம், உள்ளே போய்ப் பார்க்கட்டாம். தட்டினால் அச்சு அசலாக அதே தளம். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். மறுநாள் அவருடைய கணக்கிலிருந்தே, அறை பதிந்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு "வங்கி அட்டை விபரத்தைத் திரும்பத் தாருங்கள்" என்று செய்தி பறந்திருக்கிறது. ஒரு ஆள் காசும் இழந்துவிட்டார்.

அக்கா என்னிடம் கேட்டது: "தம்பி, பூட்டுப் படம் இருந்ததே, பிறகெப்படி?"

பூட்டு பொய் சொல்லவில்லை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு நின்றால் இணைப்பு எச்டிடிபிஎஸ் (https) வழியாகப் போகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போவது மறைகுறியாக்கப்படுகிறது, இடையில் ஒட்டுக்கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது. அவ்வளவுதான். அந்த முனையில் இருப்பவன் கள்ளனா என்று அது பார்ப்பதில்லை. பூட்டு வருவதற்குத் தளம் வைத்திருக்க வேண்டிய டிஜிட்டல் சான்றிதழும் பெரும்பாலும் 'இந்த முகவரி இவர் கையில்தான் இருக்கிறது' என்பதை மட்டுமே உறுதி செய்யும். 2015 இலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் கள்ளனுக்கும் அதே விலை. பூட்டைப் பார்த்தே ஆட்கள் நம்பிவிடுகிறார்கள் என்று குரோம் உலாவி 2023 இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. அக்காவின் போனில் இருந்தது வேறு உலாவி.

பார்க்க வேண்டியது முகவரியை. எச்டிடிபிஎஸ்ஸை அடுத்துள்ள இரண்டு சாய்கோடுகளைத் தாண்டி, அடுத்த சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் பெயர்தான் உண்மையான சொந்தக்காரர். அக்காவுக்கு வந்த முகவரியில் உண்மைத் தளத்தின் பெயர் முன்னுக்கு இருந்தது. அதன்பின் ஒரு புள்ளி, பிறகு யாரும் கேள்விப்படாத ஒரு பெயர். போன் திரையில் முன்பாதி மட்டும்தான் தெரிந்தது.

கிண்ணியாவிலிருந்து ஒருத்தன்:
எங்கள் பக்கம் எல்லாம் வட்ஸ்அப். தெரிந்த நானா ஒருவரின் நம்பரிலிருந்து என் மச்சானுக்குச் செய்தி: "தவறி உங்கட போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், அனுப்புங்க." மச்சான் அனுப்பிவிட்டார். அது அவருடைய வட்ஸ்அப்பைத் திறக்கும் ஓடிபி. கொஞ்ச நேரத்தில் அவருடைய வட்ஸ்அப் அவர் கையில் இல்லை. குடும்பக் குழுவில் அவர் பெயரில் இருபதினாயிரம் அவசரமாகக் கேட்கிறார்கள்.

பிடித்தது ராத்தா. சலாம் சொல்லாமல் காசு கேட்பானா என்று யோசித்திருக்கிறார். வட்ஸ்அப்பில் எடுக்காமல் சாதாரண அழைப்பில் எடுத்தார். வட்ஸ்அப்பில் எடுத்திருந்தால் கள்ளனின் போன்தான் அடித்திருக்கும்.

வட்ஸ்அப்பில் 2016 இலிருந்து முனைக்கு முனை மறைகுறியாக்கம் இருக்கிறது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. அதை யாரும் உடைக்கவில்லை. ஒரு முனையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். செட்டிங்கில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பின் நம்பர் போட்டு வைத்திருந்தால், ஓடிபி கையில் கிடைத்தாலும் உள்ளே வர முடியாது.

ஐசிடி டீச்சர், மூதூர்:
சமச்சீர் மறைகுறியாக்கம், சமச்சீரற்ற மறைகுறியாக்கம் என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் 1942 ஏப்ரலில் தொடங்குவேன். ஜப்பானியக் கடற்படை அப்போது ஜேஎன்-25 என்ற குறிமுறையில் செய்தி அனுப்பியது. கொழும்பிலிருந்த பிரித்தானிய ஒட்டுக்கேட்புப் பிரிவு அதை அரைகுறையாக உடைத்து, மாதத் தொடக்கத்தில் இலங்கைமீது தாக்குதல் வரும் என்று சொன்னது. எதிர்பார்த்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை. பிரித்தானியக் கடற்படையின் அட்மிரல் சொமர்வில் தன் கப்பல்களை மாலைதீவின் அட்டுத் தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டார். 5 ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது, 9 ஆம் திகதி நமது துறைமுகத்திலும் சீனன்குடாவிலும். அன்றே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் கேட்பேன்: நடுக்கடலில் உள்ள கப்பலும் கரையும் ஒரே குறிப்புத்தகத்தை வைத்திருக்க வேண்டும், புத்தகத்தை எப்படிக் களவு போகாமல் கொண்டுபோய்க் கொடுப்பது? அதுதான் சமச்சீர் முறையின் தலையிடி: இரு பக்கமும் ஒரே திறப்பு. 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும், எல்லோரும் கேட்கக்கூடிய கம்பியிலேயே இரண்டு பேர் ஒரு இரகசியத் திறப்பை உருவாக்கிக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். அடுத்த வருடம் ஆர்எஸ்ஏ என்ற முறை வந்தது: பூட்ட ஒரு திறப்பு, திறக்க வேறொரு திறப்பு. இதுதான் சமச்சீரற்ற முறை. இன்று ஒரு வங்கித் தளத்தைத் திறந்தால் முதலில் டிஃபி, ஹெல்மன் காட்டிய வழியில் திறப்பை உடன்பட்டுக்கொண்டு, மீதிப் பேச்சை வேகமான ஏஇஎஸ் போன்ற சமச்சீர் முறையில் நடத்துகிறார்கள்.

கொமினிகேஷன் கடை, டவுன்:
பஸ் நிலையத்துக்குக் கிட்ட நம்ம கடை. அடையாள அட்டையைப் பிரின்ட் எடுக்க வருகிறவர்கள் ஜிமெயிலைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்து உட்காருபவருக்கு எந்தக் குறியையும் உடைக்கும் வேலை இல்லை. பின்னேரம் டவுன்லோட் கோப்புறையைத் துடைப்பதே எனக்கு ஒரு தொழில். வயர்க்காரன் அண்ணை, விடுதிகளில் வைஃபை கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டுகிறார்களே, அது சரியா?

வயர்க்காரன், உப்புவெளி:
விருந்தினருக்கென்று தனி வலை போட்டிருந்தால் ஒட்டட்டும். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் கடவுச்சொல் தெரிந்தவன், நீங்கள் இணையும் நேரத்தில் அலையைப் பிடித்து வைத்தால் நீங்கள் அனுப்புவதன், பெறுவதன் வைஃபை மறைகுறியை அவிழ்க்க முடியும். எச்டிடிபிஎஸ் அதற்குள்ளேயும் காக்கும், ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். 2018 இல் வந்த டபிள்யூபிஏ3 அந்த ஓட்டையை அடைத்தது. 2001 இலேயே உடைந்த பழைய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூஇபி இன்னும் ஓடும் ஒரு பழைய பெட்டியை நிலாவெளியில் கண்டேன், கழற்றி எறியச் சொல்லிவிட்டு வந்தேன்.

என்னைக் கேட்டால் சுவரில் ஒட்டுவதைவிட மோசமானது ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொம்பனி போட்டபடியே விடுவது. கேமரா ரெக்கோடருக்கும் அதே கதைதான். அதையும் விருந்தினர் வலையிலேயே கொழுவி வைத்திருப்பார்கள்.